இருதயராஜ் பாஸ் செய்த சத்தம்

ஹைதராபாத் மல்லாபூரில் சீலிங் ஃபேன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருதயராஜுக்குப் பதினெட்டு வருடமாக ஒரே வேலை: காதுகொடுத்துக் கேட்பது. வீட்டுக்கு வந்தால் அதை மட்டும் செய்வதில்லை என்று மனைவி ரோஸ்லின் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றிய உண்மைகள். ஆனாலும் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. புருஷன்மார் எல்லாருமே அப்படித்தான் என்று அவர்கள் குடியிருந்த மௌலா அலிப் பெண்கள் என்றோ தீர்ப்பு எழுதியிருந்தார்கள்.

தொழிற்சாலையின் கோடியில், சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டிய ஒரு சின்ன அறை அவருடையது. இறக்கை மாட்டாத மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு ஓட்டுவார்கள். இருதயராஜ் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை நடுத்தண்டில் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடுவார். நல்ல மோட்டாருக்கு நீலச் சாக்பீஸில் ஒரு டிக். கெட்டதற்குப் பெருக்கல் குறி. ஒருமுறை கம்பெனி சத்தத்தை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கியது. மீட்டரும் இருதயராஜும் ஒத்துப்போகவில்லை. மீட்டரைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டின் ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் அரவை மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? மகள் ஷீபா ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டாயிரத்து ஒன்பதில் வந்த முதல் போனஸில் முப்பத்திரண்டு அங்குல டி.வி. ஒன்றைச் சுவரில் மாட்டினாள். பழைய கம்ப்யூட்டரை அதில் இணைத்துப் படம் பார்த்தார்கள். கதாநாயகி கிசுகிசுக்கும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர்தான் பேசியது.

“புதுசு ஒண்ணு வாங்கிடலாம் டாடி. சைலண்ட்டா கிடைக்குது.”

“நக்கோ. நானே செய்றேன். சத்தத்தைப் பத்தி எனக்கே பாடமா?” என்றார் இருதயராஜ்.

அவருடைய பாட்டனார் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு திருச்சியிலிருந்து செகந்திராபாத் வந்தவர். மூன்று தலைமுறையில் குடும்பத்தின் தமிழ் அப்படியே இருந்தது. மறுப்பு மட்டும் உருதுவுக்கு மாறிவிட்டது.

நான்கு சனிக்கிழமைகள் பார்க் லேன் கம்ப்யூட்டர் கடைகளில் ஏறி இறங்கினார். செத்துப்போன டெக் ஒன்று பரணில் இருந்தது. கேசட் போட்டுப் படம் பார்த்த காலத்து டெக். அதன் வயிற்றைக் காலிசெய்து, பிராசஸர் சேர்ந்தே வரும் சின்ன மதர்போர்டு ஒன்றை உள்ளே திருகினார். மின்சாரம் குறைவாகக் குடிக்கும் போர்டு. அதன் ஒரு மூலையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய விசிறி ஒன்று. பெட்டிக்கான பெரிய விசிறியின் வயரை மாற்றி இணைத்து, பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதில் ஏழில் ஓட விட்டார். மூச்சுவிடுவது போலச் சுற்றியது. ஹார்ட் டிஸ்க் அதிராமலிருக்க அதைத் திருகவில்லை, எலாஸ்டிக்கில் ஊஞ்சல் கட்டித் தொங்கவிட்டார். ரோஸ்லினின் உள்பாவாடையிலிருந்து உருவிய எலாஸ்டிக். அவளுக்கு அது இரண்டு நாள் கழித்து, கோவிலுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் தெரிந்தது.

“ஏங்க, கம்ப்யூட்டருக்குப் பாவாடை கட்டுற மனுசன் இந்த ஊர்ல வேற எவனாவது இருப்பானா?”

பெட்டி முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு. வீட்டு ஃபேனை அணைத்தார். ஜன்னலைச் சாத்தினார். டெக்கின் பழைய பொத்தானை அழுத்திவிட்டு, காதை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடினார். தொழிற்சாலையில் செய்வது போலவே அரை நிமிடம். பிறகு நிமிர்ந்து, வெற்றியோடு சொன்னார்:

“பாஸ்!”

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன பாஸ்? கீன்னு கத்துதே,” என்றாள் ரோஸ்லின். “கொசு காதுக்குள்ள போன மாதிரி.”

“எலாஸ்டிக் கோவம் இன்னும் போகல போலிருக்கு.”

“ஹவ், ஆமா டாடி, மம்மி சொல்றது கரெக்ட். உங்களுக்குக் கேக்கலையா?”

ஷீபா பென்சில் ஒன்றை விட்டு மூலையிலிருந்த குட்டி விசிறியை நிறுத்தினாள். “இப்ப இல்ல.” எடுத்தாள். “இப்ப இருக்கு.” இருதயராஜுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இருவரும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். ஆனால் பரிசோதனை என்று வந்துவிட்டால் அவர் நேர்மையானவர். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பத்துத் தடவை பென்சிலை வைக்கவோ எடுக்கவோ செய்யும்படியும், ஒவ்வொரு தடவையும் விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்று தான் சொல்வதை ரோஸ்லின் காலண்டரின் பின்புறம் குறித்துக்கொள்ளும்படியும் உத்தரவிட்டார்.

பத்துக்கு ஐந்து சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே ஐந்து வந்திருக்கும்.

ரோஸ்லின் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். இருபத்தாறு வருடமாகத் தன் பேச்சைக் காதில் வாங்காதவர் என்று அவள் திட்டிய நேரங்களில் எத்தனை தடவை அநியாயமாகத் திட்டினோம் என்று கணக்குப் பார்ப்பவள் போல அவர் முகத்தையே பார்த்தாள்.

“இன்டர்நெட்ல பாத்தேன் டாடி,” என்றாள் ஷீபா, சற்று நேரம் கழித்து. “ரொம்ப வருஷம் சத்தத்துல வேலை செஞ்சா மேல் சத்தம்தான் முதல்ல போகுமாம். கீச்சு சத்தம். அப்புறம் மெல்லப் பேசுற பேச்சு. கனமான சத்தமெல்லாம் நல்லா கேக்குமாம். அதனால போனதே தெரியாதாம்.”

ஸ்பாஞ்ச் அறைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் அவர் பவர் பிரஸ் பக்கத்தில் நின்றிருக்கிறார். தகரத்தைத் தட்டித் தட்டிக் கிண்ணமாக்கும் இயந்திரம் அது. அதன் அடிகளுக்கு இடையில் ஒரு பேரிங்கின் கீச்சுச் சத்தத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் அவரை அந்த அறைக்கு மாற்றினார்கள். காதுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த இடமும் காதைத் தின்ற இடமும் ஒன்றே.

ஆனால் அன்று அவருக்குக் காதைப் பற்றிய கவலை வரவில்லை. வேறொன்று வந்தது. ரஹீம்.

அப்துல் ரஹீம் பேக்கிங் பகுதியின் மேஸ்திரி. இருதயராஜ் டிக் போட்ட மோட்டார் நேராக ரஹீமின் ஆட்களிடம்தான் போகும். அவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றுவார்கள். ஒன்றரை வருடமாகக் குண்டூரிலிருந்தும் கம்மத்திலிருந்தும் ஃபேன்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன: கீச்சென்று கத்துகிறது என்ற ஒரே புகாரோடு. போன கோடையில் விசாரணை வைத்தார்கள். கேள்வி ஒன்றுதான்: சத்தம் ஸ்பாஞ்ச் அறைக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?

“என் அறையைத் தாண்டும்போது சத்தமில்லை,” என்று சொன்னார் இருதயராஜ்.

“என்கிட்ட வரும்போதே சத்தம் இருக்கு சாப்,” என்றார் ரஹீம்.

இருதயராஜ் அப்போது சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. வானிலை சொல்லும் சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. அந்தச் சிரிப்பைப் பார்த்து மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் சிரித்தார்கள். பெட்டிகளைத் தூக்கி எறிந்து பேரிங்கை உடைத்தார்கள் என்று எழுதி, ரஹீமை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருட வேலை. ‘பேக்கிங்கில் போட்டு உடைக்கிற ஆள்’ என்ற பெயர் அவருக்கு முன்னால் பக்கத்துத் தொழிற்பேட்டையான நாச்சாரம் வரை போய்ச் சேர்ந்ததால் பக்கத்தில் எவரும் எடுக்கவில்லை. நகரத்தின் மறுகோடியில், பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மூன்று ஷேர் ஆட்டோ, ஒரு பஸ்.

ரஹீம் போன பிறகும் ஃபேன்கள் திரும்பி வந்தன. இப்போது லாரிக்காரர்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை இருதயராஜ் ஒரு காகிதத்தோடு மேனேஜர் வைத்தியநாதன் அறைக்குள் போனார். வைத்தியநாதன் கும்பகோணத்திலிருந்து வந்து நான்கு வருடமாகிறது. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பது அன்று தெரிந்தது.

அவர் காகிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“உட்காருங்கோ ராஜ். உங்களுக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு எத்தனை மாசம் இருக்கு?”

“பதினாலு சார்.”

“பதினாலு மாசம் பேசாம ஓட்டலாமே. காதுக்கு நல்ல டாக்டராப் பாருங்கோ. நானே சொல்றேன் ஒருத்தரை.”

“சார், ரஹீம்...”

“ரஹீமை நான் இப்ப எங்கே கொண்டுவந்து வைப்பேன்? பேக்கிங்கையே கான்ட்ராக்ட்டுக்கு விட்டாச்சு. அந்த நாற்காலியே இல்லை. இதை நான் வாங்கிண்டேன்னா அவனுக்கு வேலை வராது. உங்களுக்கு வேலை போகும். எனக்கு ரெண்டு வருஷத்து ஃபேனுக்கு மேலே இருந்து கேள்வி வரும். யாருக்கு லாபம், சொல்லுங்கோ?”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இருதயராஜ் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். கான்டீன் வாசலில் நோட்டீஸ் பலகை இருந்தது. தீபாவளி போனஸ் அறிவிப்பிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கி, தன் காகிதத்தை அங்கே குத்தினார். இரண்டு எழுத்துப் பிழைகளோடு நான்கு வரி இங்கிலீஷ். ரஹீம் எதையும் உடைக்கவில்லை. மோட்டார்கள் என் அறையிலிருந்தே சத்தத்தோடுதான் போயின. எனக்குக் கேட்கவில்லை. விசாரணையில் நான் சொன்னது தப்பு.

சாப்பாட்டு மணி அடித்தது. ஆட்கள் வந்தார்கள், நின்று படித்தார்கள், தட்டெடுக்கப் போனார்கள். யாரும் ஆச்சரியப்படாததுதான் இருதயராஜுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஸ்பாஞ்ச் அறையில் ரிப்பேராகி வந்த மீட்டரை வைத்தார்கள். காகிதத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்குள் அதன் நகல் ஒன்றை எழுதி அவர் பையில் வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு காலை, நகலோடு ரஹீமின் வீட்டைத் தேடிப் போனார். தர்காக் குன்றுக்குப் பின்புறம், ரயில் பாதையோரச் சந்து. ரஹீம் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். சட்டையில் மருந்து வாடை. ஏழு மாதத்தில் தாடி பாதி நரைத்திருந்தது. இருதயராஜைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பதினாறு வருடப் பழக்கம், கோபத்தைவிட வேகமாக எழுந்துவிட்டது.

இருவரும் பேசியது ஹைதராபாத் ஹிந்தி. தமிழில் அதன் பாதிதான் வரும்.

ரஹீம் காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படித்தார். மடித்தார்.

“நோட்டீஸ் போர்டிலயா?”

“கான்டீன் வாசல்ல.”

“எல்லாரும் பாத்தாங்களா?”

“பாத்தாங்க. ஆனா ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல ரஹீம் பாய். அதான் எனக்குப் புரியல.”

“என்ன கேப்பாங்க? எல்லாருக்கும் தெரியும். விசாரணைக்கு ஒரு வருஷம் முன்னாடியே என் பசங்க சொல்வாங்க, பெட்டிக்குள்ள வைக்கும்போதே கத்துதுன்னு.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!”

ரஹீம் அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

“ஒரு நாள் சொல்றதுக்குத்தான் உங்க ரூமுக்கு வந்தேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்க. நமாஸ்ல இருக்கிற மாதிரி. நமாஸ்ல இருக்கிறவரைத் தொட்டு எழுப்பக்கூடாதில்ல? கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.”

உள்ளேயிருந்து ரஹீமின் மனைவி இரண்டு கோப்பைத் தேநீரை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். வைத்த வேகத்தில் ஒன்று தளும்பியது. அந்த வீட்டில் யார் மன்னிக்கவில்லை என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ரஹீம் தளும்பாத கோப்பையை விருந்தாளியின் பக்கம் நகர்த்தினார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்ததை இருதயராஜ் இப்போது சொன்னார். “நான் சிரிச்சேன் பாய், அன்னைக்கு. மாஃப் கரோ, மன்னிச்சிடுங்க.”

ரஹீம் குனிந்து, தன் கோப்பையைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். தாடிக்குள் உதடுகள் நன்றாகவே அசைந்தன. கோபமாகவும் தெரியவில்லை, கனிவாகவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசினார். நடுவில் ஒருமுறை நின்று, மீண்டும் பேசினார். பாதையில் ரயில்கூட இல்லை. சந்து அமைதியாகத்தான் இருந்தது.

“பாய்,” என்றார் இருதயராஜ், முன்னால் சாய்ந்து, “கேக்கல. இன்னொரு தரம் சொல்லுங்க.”

ரஹீம் நிமிர்ந்தார். காகிதத்தில் படித்ததை அப்போதுதான் முகத்தில் பார்க்கிறவர் போல அவரைப் பார்த்தார். பிறகு செவிடர்களிடம் பேசுவது போலக் குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, சந்தே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“சாய் ஆறுது. குடிங்க, ராஜ் பாய்.”

முதலில் சொன்னது இதைவிட நிறைய நீளம். இருதயராஜ் தலையை ஆட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.