பெட்டி எடை பார்த்த தராசு

1. நாளை லீவில் ஊருக்குப் போகிறேன்.
2. பெட்டியை அப்பாவின் பழைய தராசில் வைத்தேன்.
3. முள் முப்பத்திரண்டு காட்டியது. முப்பதுதான் என்று எனக்குத் தெரியும்.

இருபது வருடங்களுக்கு முன்பு, வளைகுடாவில் ருவைஸில் அப்பாவின் கம்பெனி வீட்டில் இருந்த தராசு இது. கபடி லீக் நடக்கும் வாரங்களில் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் எங்கள் ஹாலில் தங்குவார்கள். வலி ஸ்ப்ரேயின் வாசனையும், பால்கனியில் காயும் முழங்கால் பட்டைகளும், காலையில் அவர்கள் கயிறு தாண்டும் ஓசையுமாக வீடு நிறைந்திருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அவர்களில் ஒருவரான செல்வம் அண்ணன் ஏறியபோது தராசு எழுபத்தொன்றரை காட்டியது. எழுபதைத் தாண்டினால் மறுநாள் இறுதி ஆட்டத்தில் இறங்க முடியாது. மதியத்திலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“அக்கா, தோசை சுடுறத நிறுத்துங்க. வாசனையிலயே எடை ஏறுது,” என்றார் அம்மாவிடம்.

எனக்குத் தராசின் மேல்தான் சந்தேகம். பிரிக்காத இருபது கிலோ அரிசி மூட்டையை அப்பாவை ஏற்றச் சொன்னேன். முள் இருபத்திரண்டில் நின்றது.

அப்பா தலையைச் சொறிந்தார். “ஏர்போர்ட்ல எடை கூடிப்போயி பெட்டியப் பிரிக்க வேணாமேன்னு நான்தான் முள்ள ரெண்டு கிலோ கூட்டி வச்சேன். மறந்தே போச்சு.”

“நல்லா வச்சீங்கண்ணே,” என்று செல்வம் அண்ணன் தோசைக்குத் தட்டை எடுத்தார்.

“அரைக் கிலோதான் இடம் இருக்கு,” என்றேன்.

“சரிங்க இன்ஜினியர் பாப்பா.”

மறுநாள் அவர் ஆடினார். எங்கள் வீட்டு ஆட்டக்காரர் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அந்த வீட்டு வரிசையை இடித்துவிட்டார்கள். செல்வம் அண்ணன் சிவகங்கையில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார். நான் வளைகுடாவிலேயே ஜுபைலில் ஆலைக் கருவிகளின் அளவைச் சரிபார்க்கிறேன். இந்தத் தராசை மட்டும் சரிசெய்யவில்லை.