மனப்பாடம் செய்யக் கொடுத்த கேள்வி

போன வருடம் மாசி மாதம், திருப்பதியில் நடந்தது இது. வெளியே சொன்னால் மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. நாங்கள் நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம், வீட்டுக்காரரின் வேலைக்காகத் திருப்பதிக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ். முதலில் சேர்த்த பள்ளியில் மூன்றையும் கலந்து அவள் எதையோ சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சரும் சேர்ந்து சிரித்தாராம். அன்று மூடிய வாய்தான். தண்ணீர் வேண்டும் என்றால்கூட என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "வாயில இன்னாடி, கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்கிற?" என்று நானே எரிந்து விழுவேன். அப்புறம் போய் அழுவேன்.

சந்திரகிரி ரோட்டில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளி இருக்கிறது, அங்கே பாடத்தை ஒப்பிக்கச் சொல்வதில்லை, பிள்ளைகள் கேள்வி கேட்டு, தாங்களே தேடிப் பார்த்துத்தான் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டோம். "கேள்வி கேக்கறதுக்கு ஒரு ஸ்கூலா? அதுக்கு நீயே போதுமே!" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். ஆனாலும் சேர்த்தோம்.

அவளுடைய வகுப்பு மிஸ், மூன்று மாநில எல்லையும் சேரும் குப்பம் ஊர்க்காரப் பெண். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "எந்த பாஷையில வருதோ அதுல கேளு, அப்புறம் சேர்ந்து இங்கிலீஷ்ல சொல்லிப் பாக்கலாம்" என்பாராம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளையெல்லாம் கலர் காகிதத்தில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுவார்கள். சில மாதத்தில் என் பெண் வாயைத் திறந்தாள் பாருங்கள், அப்பப்பா! "திருமலைல மொட்ட போட்ட முடியெல்லாம் எங்கம்மா போவுது? மலைக்கு மேல தண்ணி எப்பிடி ஏறுது?" என்று ஓயாத நச்சரிப்பு. "நைனாவ நிம்மதியா துன்ன விடுடி" என்று நான் அதட்டுவேன். ஆனால் உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இவளும் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினேன்.

அந்த மாசியில் அவர்கள் வகுப்புக்குத் தண்ணீர்தான் பாடம். பள்ளிக்கு வரும் டேங்கர் லாரி எங்கே நிரம்புகிறது என்று தேடிப்போய்ப் பார்த்தார்கள். பக்கத்து ஊர் மாந்தோப்பில் ஒரு போர்வெல். லாரி நிரம்பிக்கொண்டிருக்க, அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஓரமாக நின்றார்களாம். லாரி போன பிறகு மோட்டாரில் காற்றுதான் வந்ததாம்.

"ஏம்மா, நம்ம ஸ்கூல் புல்லுக்கு ஊத்தறதுக்கு லாரி எடுத்துக்கினு வந்துட்டா, அந்த அத்தைங்க இன்னாம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். மறுநாள் அதையே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

அந்தச் சமயம் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுப்பதற்காக வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. உடனே ஆபீஸிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் முன்னால் தானாகக் கேட்பதுபோல் கேட்க வேண்டும், மனப்பாடம் செய்துகொண்டு வா என்றார்கள். பழைய குருடி கதவைத் திறடி! பாடத்தை மனப்பாடம் செய்யும் பள்ளிகள் தெரியும், கேள்வியை மனப்பாடம் செய்யச் சொல்லும் பள்ளியை அன்றுதான் பார்த்தேன். இவளுக்குக் கிடைத்தது, மேகத்திலிருந்து மழை எப்படி வருகிறது என்ற கேள்வி.

"அது எனக்குத்தான் தெரியுமேம்மா. தெரிஞ்சத எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

அந்த நாளும் வந்தது. பெற்றோர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இவள் முறை வந்ததும் எழுந்து நின்றாள். ஒரு நிமிடம் மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, சுவரில் ஒட்டிய தன் கேள்வியையே கணீரென்று இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். வந்திருந்த அம்மாள் அவள் உயரத்துக்குக் குனிந்து, மிக நல்ல கேள்வி என்று கை கொடுத்தார். அப்படியே திரும்பி, இதற்கு என்ன பதில் என்று பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் சிரித்தார், இன்னும் சிரித்தார், சாப்பாடு தயாராக இருக்கிறது என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மிஸ் வரவில்லை. வேறு டீச்சர் வந்திருந்தார். பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொல்லிச் சுவரில் இருந்த காகிதங்களையும் கிழித்துவிட்டார்கள். நான் நேரே பிரின்சிபாலிடம் போனேன். மரியாதையாகக் காபி கொடுத்து, கேள்வி நல்ல கேள்விதான் அம்மா, நேரம்தான் சரியில்லை என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கத்தித் தீர்த்துவிட்டேன். வாட்ச்மேன் வந்து கதவோரம் நின்றதுதான் மிச்சம்.

மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். "பர்வாலேதுக்கா, பரவால்ல, வேற வேல பாத்துக்கிறேன். பாப்பா கரெக்டாதான் கேட்டா. அவ கேட்டதாலதான்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

ஆனால் பிள்ளைக்குத் தெரியாமலா போகும்? அன்று சாயந்திரமே, "நான் கேட்டதாலதானேம்மா மிஸ் பூட்டாங்க?" என்றாள். இல்லவே இல்லை என்று சாமிமேல் சத்தியம் செய்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை. அப்புறம் முடி எங்கே போகிறது, தண்ணீர் எப்படி ஏறுகிறது எதுவும் கிடையாது. பள்ளியை மாற்றலாம் என்று அலைந்தோம். போன இடமெல்லாம் ஒப்பிக்கும் பள்ளிதான். "எங்க போனாலும் இதுதான், உடு" என்று வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே நாலாம் வகுப்புக்குப் போனாள்.

இந்த வருடம் மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்குக் கேள்வி, இவளுக்கு மட்டும் வாசலில் நின்று வரவேற்கும் பூத்தட்டு. எனக்கு வயிறு எரிந்தது. அவளோ ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்து சொன்னாள்: "நல்லதா போச்சும்மா. தட்டு புடிக்கிறவங்க பேசத் தேவையில்ல."

பிள்ளை பேசினால் போதும் என்று தவம் கிடந்தவள் நான். இன்று அவள் பள்ளியில் வாயைத் திறந்துவிடுவாளோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை எனக்குள் வைத்தவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.