பத்து போதும், பாய்

என் தங்கை தேவி சண்டை போட்டால் குரலே உயராது. அதுதான் எனக்குப் பயம்.

மேனாம்பேட்டில் பாஷா பாய் பட்டறையில் அப்படி ஒரு சண்டை. முகப்பேர் ஃப்ளாட்டில் வருஷக்கணக்காகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அவளுடைய பழைய காரை ஓட வைத்தே தீருவது என்று இறங்கிவிட்டாள். எதற்கு? பழைய கார் போட்டியில் ஓட்ட. ஆயிரத்தைந்நூறு சிசி வரை ஒரு பிரிவு. அதைத் தாண்டினால் பெரிய கார்களோடு ஓட வேண்டும்... நம்ம வண்டி மூச்சு வாங்கியே நின்றுவிடும்.

இன்ஜினைப் பிரித்தாயிற்று. நாலு சிலிண்டரும் தேய்ந்திருந்தன. தேய்ந்தால் உள்சுவரைக் கடைந்து பெரிசாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள்; ரீபோர் என்பது இதுதான். பத்து, இருபது என்று அளவு உண்டு — ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்து பங்கு, இருபது பங்கு.

“இருபது போட்ரலாம்மா. எப்பவும் அத்தான் போடுறது,” என்றார் பாய். “நாலாவது சிலிண்டர்ல கோடு வுயுந்து கீது. பத்துல போவலன்னா அப்பால நாலையும் மறுக்கா கடையணும்.”

“இருபது போட்டா சிசி எவ்ளோ வரும் பாய்?”

“அத்த யாரும்மா பாத்தா? வண்டி ஓடும்.”

சிசி கணக்கெல்லாம் ஒரு கணக்கா? நான் போனை எடுத்தேன். சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் ஓடும் தூரம், நாலு சிலிண்டர்... தட்டினேன். ஆறாயிரம் சிசி வந்தது. சாட்சாத் லாரி இன்ஜின்.

தேவி எட்டிப் பார்த்தாள். “அண்ணா, விட்டத்தைப் பாதியாக்காமயே வர்க்கம் எடுத்திருக்க.” பாய் மரியாதைக்காக அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அவள் போட்ட கணக்கு இது. கம்பெனியிலிருந்து வந்தபோது 1489. இருபது போட்டால் 1510 — பிரிவு போச்சு. பத்து போட்டால் 1499. மயிரிழையில் உள்ளே.

ஆனால் பத்தில் அந்தக் கோடு போகுமா? போகாவிட்டால் இருபதுதான். கடைந்து எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்?

“முதல் சிலிண்டர்லேர்ந்துதானே ஆரம்பிப்பீங்க? இன்னிக்கு நாலாவதுலேர்ந்து ஆரம்பிங்க பாய்,” என்றாள். “அதுல கோடு போச்சுன்னா மத்தது தானா சரியாயிடும். போகலைன்னா நீங்க சொன்ன இருபதே போடுங்க. உங்களுக்கும் ரெட்டை வேலை இல்ல.”

பாய் தாடியைச் சொறிந்தார். “இது நல்லாத்தாம்மா கீது,” என்று மெஷினை ஓட்டினார்.

தேவி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைந்து முடித்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பாய், “நீயே தடவிப் பாரும்மா,” என்று ஒதுங்கினார். அவள் விரல் நகத்தால் மேலிருந்து கீழே தடவினாள். மறுபடியும் தடவினாள். நகம் எங்கேயும் மாட்டவில்லை.

“போயிடுச்சுண்ணா,” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் பாதி முடிவுகளை ‘எப்பவும் அதான்’ என்ற சொல்லே எடுத்துவிடுகிறது. அதை எதிர்த்துக் கத்துகிறவர்கள் ஏராளம். கணக்குப் போட்டுக் காட்டி, எதிராளிக்கும் சிரமமில்லாமல் வழி சொல்கிறவர்கள் எத்தனை பேர்? எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இந்த வாரப் பத்தியில் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு போட்டி. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றன. பரிசோதிக்க வந்தவர் இன்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எத்தனை சிசி சார்?”

“ரீபோர் பண்ணப்புறம் 1499,” என்றாள் தேவி.

அளந்து சரிபார்த்தார். தலையாட்டினார். சின்னப் பிரிவுக்கான ஸ்டிக்கரை உரித்து என்னிடமே நீட்டினார்.

“அவகிட்ட குடுங்க சார். நான் டிபன் கேரியர் தூக்க வந்தவன்.”