கிணற்றுக்குச் செய்த மரியாதை

புதுச்சேரிக்கு வந்து இறங்கிய அன்று காலையிலேயே பிடிபட்டுவிட்டேன். லாத்தா வீட்டுச் சமையலறையில் நின்று, அவள் நீட்டிய டம்ளரை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, அதற்குப் பிறகே வாயில் வைத்தேன். இதையெல்லாம் செய்தேன் என்பதே எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது. எங்கள் மாதிரி முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். என்னுடைய லாத்தாவுக்குக் கதீஜா என்று பெயரும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் அவள் வீட்டுக்காரருக்கே கிடையாது.

"இன்னாடா மோந்து பாக்குற? நான் இன்னா வெஷமா குடுத்தேன்?"

"பழக்கம் லாத்தா."

"எந்த ஊர்ப் பழக்கம்? அமெரிக்காவுல மனுசங்க வீட்ல இருக்கீங்களா, இல்ல வேற எங்கயாவது கட்டிப் போட்டு வெச்சிருக்காங்களா?"

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு லாத்தாவின் கேள்வி நியாயமாகப் படும். பென்சில்வேனியாவில் மலைச்சரிவுகளில் குடியிருப்பவர்களுக்கு என் பதில் நியாயமாகப் படும். இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் முழுநேர வேலை. சம்பளத்துக்குச் செய்வது வேறு. ஒரு சின்ன ஊர் நூலகத்தில் புத்தகங்களை அடுக்கி, சத்தம் போடுபவர்களை முறைக்கிறேன்.

அந்த ஊரில் எங்கள் வீட்டுக்கென்று தனிக் கிணறு உண்டு. கிணறு என்றதும் உறையையும் சகடையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கு, தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் ஓர் இரும்புக் குழாய், அவ்வளவுதான். எட்டிப் பார்க்க முடியாது. சாய்ந்து நின்று பக்கத்து வீட்டுக் கதை பேச முடியாது. குழாய்க்கு அடியில் எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று கடவுளை நம்புவதுபோல நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குச் சோதனையாக வந்தது எரிவாயுக் கம்பெனி. மலைக்குப் பின்னால் வெகு ஆழத்துக்குத் துளை போட்டு, பிறகு அதைப் பக்கவாட்டில் திருப்பி, தண்ணீரும் மணலும் சில இரசாயனங்களும் கலந்து பேரழுத்தத்தில் உள்ளே செலுத்தி, பாறையை விரிசல் விடச் செய்து, அதற்குள் பதுங்கியிருக்கும் வாயுவை வெளியே எடுப்பார்கள். அங்கே சுருக்கமாக 'ஃப்ராக்கிங்' என்பார்கள். துளை போகும் வழியில் எங்கள் குடிதண்ணீரும் இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

அதற்காகவே மாநில அரசு விதிகள் வைத்திருக்கிறது. தண்ணீர் இருக்கும் அடுக்கைத் தாண்டும்வரை துளைக்கு எஃகுக் குழாயும் சிமெண்டும் கவசமாகப் போட வேண்டும். பக்கத்துக் கிணறு பிற்பாடு கெட்டுப்போனால் கம்பெனிதான் கெடுத்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை, அது முன்பே கெட்டிருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. எனவே துளைபோடும் முன் கம்பெனி தானே ஆள் அனுப்பி அக்கம்பக்கத்துக் கிணறுகளைச் சோதித்து வைத்துக்கொள்ளும். என் தண்ணீரின் நலத்தை ஒருவர் வீடு தேடி வந்து விசாரித்ததில் நெகிழ்ந்துபோனேன். அந்த விசாரிப்பு கம்பெனியின் வக்கீலுக்காக என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

மாதிரி எடுக்க வந்தவர் ஆறரை அடி உயரம், நீலக் கையுறை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பாட்டில்களை எடுத்துவரத் தன் வண்டிக்குப் போனார். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் முழுதும் ஓடி, கிணற்றின் புதுத் தண்ணீர் வந்த பிறகே பிடிக்க வேண்டுமாம். என் மனைவி ஜுலைகா காரைக்கால்காரி. ஆள் இல்லாமல் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா நிற்க முடியாது. மூடிவிட்டாள். அவர் வந்தார், திகைத்தார், மறுபடி திறந்தார், கடிகாரம் பார்த்தார், வெளியே போனார். மறுபடி மூடினாள். அடுத்த முறை அவர் குழாயைக் காட்டி, "இட் ஹாஸ் டு ரன், மேடம்" என்று மன்றாடினார். "ஓகே, ஓகே" என்றாள். அவர் திரும்பி வரும்போது சமையலறையில் கால் வைக்க இடமில்லை. வாளி, குக்கர், பிரியாணி தேக்சா, பூச்சாடி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது. கிணற்றில் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகுமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். நாங்கள் பிறந்த ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போதும் நின்றுதான் போயிருக்கும் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

எங்கள் தண்ணீர் தேறியது. அதன் பிறகு அந்தத் தெருவில் எல்லோரையும் போல நானும் டம்ளரை மோந்து பார்க்கத் தொடங்கினேன். இன்றுவரை ஒன்றுமில்லை. இன்றுவரை என்ற சொல்லோடு குடிப்பதுதான் பழகிவிட்டது.

இந்தக் கதையை லாத்தா வீட்டு வாசலில் சொன்னபோது எதிர்வீட்டு முசே லூர்து குறுக்கிட்டார். பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து ஓய்வுபெற்றவர், அதனால் தெருவுக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா. பிறந்தது, வளர்ந்தது, மீன்குழம்பு சாப்பிடுவது எல்லாம் இங்கே. குடியுரிமை மட்டும் அங்கே.

"பிரான்ஸ்ல நாங்க அந்த வேலைக்கே தடை போட்டுட்டோம் தம்பி. சட்டம். மெத்தனமா விதி கிதி வெச்சுக்கிட்டு இருக்கல."

"நாங்கன்னா யாரு முசே?"

"நாங்கதான்."

"நீங்க அன்னிக்கு பாரீஸ்லயா இருந்தீங்க?"

"தேங்காய்த்திட்டுல வஞ்சிரம் வாங்கிக்கிட்டு இருந்தேன். அதுக்காகச் சட்டம் செல்லாதா?"

அவருக்குக் கிணறு இங்கே, ஓட்டு அங்கே. எனக்குக் கிணறும் ஓட்டும் அங்கே, வாய் மட்டும் இங்கே. எங்கள் இருவரையும் சேர்த்தால் ஒரு முழுக் குடிமகன் தேறலாம்.

வாய் மாட்டிக்கொண்டது இப்படித்தான். எங்கள் தெருமுனையில், கடலுக்கும் தெருவுக்கும் நடுவே, ஒரு ஓட்டல் எழும்பிக்கொண்டிருக்கிறது. மாடியில் நீச்சல்குளம் வேண்டுமாம், அதற்கு ஆழ்துளைக் கிணறு வேண்டுமாம். தெரு நடுவில் எங்கள் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. நகராட்சிக் குழாய் வந்த பிறகும் குடிக்கவும் டீ போடவும் அதுதான். கடலருகே மிகையாக இறைத்தால் மணலுக்கடியில் உப்புத்தண்ணீர் நகர்ந்து உள்ளே வரும். ஒருமுறை வந்துவிட்டால் திரும்பிப் போகச் சொல்ல ஆளில்லை. ஓட்டலின் விண்ணப்பம் நிலத்தடி நீர் அலுவலகத்தில் இருந்தது. முசேயும் நானும் போனோம். பொறியாளர் சுமதி மேடம் பொறுமையாகக் கேட்டார். நான் பென்சில்வேனியாவின் விதிகளை எடுத்துவிட்டேன்.

"இங்க யாரும் ஃப்ராக்கிங் பண்ணலியே சார்" என்றார்.

"பண்ணல மேடம். ஆனா துளை துளைதானே. முன்னாடி தண்ணி எப்படி இருந்துச்சுன்னு எழுதி வெச்சாத்தான பின்னாடி கேக்க முடியும்?"

அவர் யோசித்தார். ஓட்டலுக்கு அனுமதி தருவதற்கு முன் எங்கள் கிணற்றின் உப்பளவைப் பதிவு செய்வதாகவும், அது பிற்பாடு ஏறினால் ஓட்டல் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போடுவதாகவும் சொன்னார். ஆக, எங்கள் கிணறு பிழைப்பது அந்த ஒரு பாட்டில் தண்ணீரைப் பொறுத்தது. தெருவுக்கு வந்து எல்லோரையும் கூட்டி விளக்கினேன். ஆபீசர் வரப்போகிறார், கிணற்றைச் சோதிக்கப் போகிறார், நம் எதிர்காலமே இதில் இருக்கிறது என்று கையை ஆட்டிப் பேசினேன். எதைச் செய்யக்கூடாது என்பதைச் சொல்ல மறந்தேன். பேச்சு அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

குறித்த நாளன்று எழுந்து வெளியே வந்தால் எங்கள் தெருவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கிணற்றின் கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் காவி பூசியிருந்தது. சகடைக்கு எண்ணெய், வாளிக்குப் புதுக் கயிறு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் பூத்துண்டு விரித்து, பக்கத்தில் ரோஸ்மில்க். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட எங்கள் தெரு இப்படி நின்றதில்லை. லாத்தா பட்டுப்புடவையில் இருந்தாள்.

சுமதி மேடம் பாட்டிலை வெளியே எடுக்கும் நேரத்தில் அஞ்சலை வந்து சேர்ந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வரும் அஞ்சலை, தினமும் கூடையை இறக்கிவைத்து எங்கள் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்துவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவாள். அன்றும் இறைத்தாள், ஒரு வாய் குடித்தாள், அப்படியே துப்பினாள்.

"இன்னாக்கா இது? ஆஸ்பத்திரி கணக்கா நாறுது?"

மேடம் வாளியைக் குனிந்து மோந்தார். எனக்கு அந்தக் கணத்திலும் ஒரு சின்ன மகிழ்ச்சி, மோந்து பார்க்கிறவர்கள் ஊரிலும் இருக்கிறார்கள் என்று.

"பிளீச்சிங் பவுடர் யார் போட்டது?"

லாத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நான்தான் மேடம். விடியறதுக்குள்ளயே போட்டுட்டேன். ஆபீசர் வர்றாங்க, கெணறு சுத்தமா இல்லன்னு எழுதிட்டாங்கன்னா தெருவுக்கே அசிங்கம்ல."

"எவ்ளோ போட்டீங்க?"

"நான் ஒரு பாக்கெட்டுதான். முசே வூட்லயும் ஒண்ணு போட்டாங்க."

முசே வானத்தைப் பார்த்தார். "இஜியேன்" என்றார். சுகாதாரம் என்பதற்கு அவருடைய பிரெஞ்சு.

மேடம் சிரிக்காமல் விளக்கினார். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் குளோரைடை ஏற்றும். கடல் உப்பும் அதையேதான் ஏற்றும். இன்றைக்கு எடுத்தால் கிணறு ஏற்கெனவே உப்பு என்று பதிவாகும். நாளை ஓட்டல் எவ்வளவு இறைத்தாலும் ஒருவரும் கேட்க முடியாது. எங்கள் கேஸை நாங்களே சுண்ணாம்படித்து, எண்ணெய் போட்டு, எதிர்க்கட்சிக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க இருந்தோம்.

"மொத்தத் தண்ணியும் எறச்சுட்டு, புது ஊத்து வரட்டும். மறுபடி எறைங்க. அடுத்த வாரம் வர்றேன். தயவுசெஞ்சு யாரும் எதையும் சுத்தம் பண்ணாதீங்க."

நான் ஜுலைகாவை நினைத்துக்கொண்டேன். ஓடும் தண்ணீரைப் பார்த்தால் மூடுவாள், தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் இவர்கள் தேய்ப்பார்கள். எந்த மாநிலத்து விதியிலும் இதற்கு ஒரு பிரிவு இல்லை.

அன்று மாலை கிணறு இறைத்ததுதான் இந்த விடுமுறையில் நான் கண்ட பெரிய திருவிழா. ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினோம். குளோரின் மணக்கும் தண்ணீரால் பள்ளிவாசல் படிகளைக் கழுவினார்கள். முசேயின் பழைய ஸ்கூட்டர் தன் உண்மையான நிறத்தைக் காட்டியது. பிள்ளைகள் ஹோஸுக்கு அடியில் ஓடினார்கள். லாத்தா தன்னை எவ்வளவோ கட்டுப்படுத்திப் பார்த்தாள், முடியவில்லை, நாலு குடத்தை நிரப்பி வைத்துக்கொண்டாள். "கக்கூசு கழுவவாவது ஆவும்" என்றாள். அடிமணல் தெரிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஓரத்தில் மணல் மெல்ல அசைந்தது. சின்னக் குமிழ். பிறகு இன்னொன்று. தண்ணீர் ஒரு சத்தமும் இல்லாமல் ஊறி வர ஆரம்பித்தது. அஞ்சலை, "தோ மாப்ள வர்றாரு பாரு" என்றாள். தெருவே சிரித்தது. என்னுடைய பென்சில்வேனியாக் கிணற்றை நான் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம்வரை தெரு முறைவைத்துக் காவல் காத்தது. கிணற்றை யாரிடமிருந்து காக்கிறோம் என்று கேட்டால், எங்களிடமிருந்து. லாத்தாவுக்குக் கைகள் அரித்தன. சுவரோரத்தில் ஒரு பாசிக்கீற்று முளைத்திருந்தது. "பாக்கவே சகிக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். சுமதி மேடம் வந்தபோது பயத்தில் ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. நாற்காலி இல்லை, ரோஸ்மில்க் இல்லை. அவர் தானே இறைத்து, தானே பிடித்து, மூடி, சீல் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தெருவுல வந்தவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடுக்க மாட்டீங்களா?"

அந்தக் கேள்விக்காகவே ஒரு வாரம் மூச்சை அடக்கிக் காத்திருந்ததுபோல லாத்தா வீட்டுக்குள்ளிருந்து ரோஸ்மில்க், சமோசா, நேற்றைய அல்வா எல்லாம் ஊர்வலமாக வந்தன.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மேடம் போன் செய்தார். தண்ணீர் அருமையாக இருந்ததாம், கடற்கரைத் தெருவுக்கு இவ்வளவு குறைந்த உப்பை அவர் எதிர்பார்க்கவில்லையாம். ஓட்டலுக்கு அனுமதி உண்டு, ஆனால் கேட்ட ஆழம் இல்லை. மீட்டர் உண்டு. எங்கள் கிணற்றில் உப்பு ஏறினால் மோட்டார் நிற்கும் என்ற வரியும் உண்டு. அந்த வரி எழுதியபடி நடக்குமா என்று தெருவில் ஒருவர் கேட்டார். "நடக்க வெக்கறதுக்குத்தான நாம இருக்கோம்" என்றார் முசே. இந்த முறை அந்த 'நாம' எந்த நாடு என்று நான் கேட்கவில்லை.

விடைபெறும்போது லாத்தா என் கைப்பையில் ஒரு பாட்டில் தண்ணீரைச் செருகினாள். "லேபுக்கு ஒண்ணு குடுத்தோம்ல. இது ஒனக்கு." சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காரர் அதை வெளியே எடுத்தார். வடக்கத்திப் பையன். என்ன இது என்று இந்தியில் கேட்டார். கிணறு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, குப்பைத்தொட்டியைக் காட்டினார், பிறகு என் வாயைக் காட்டினார். இரண்டில் ஒன்று.

பின்னால் நீண்ட வரிசை. பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டிலை அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். காலிப் பாட்டிலைத் தொட்டியில் போட்டபோதுதான் உறைத்தது, மோந்து பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கியும் பிடிக்கவில்லை.

விமானம் எழும்பிக் கடல்மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. வயிற்றுக்குள் எங்கள் தெருக் கிணறு குலுங்கியது. முதலில் ஊர்ப் பக்கமாகச் சரிந்தது, அப்புறம் விமானம் நிமிர்ந்ததும் அதுவும் நிமிர்ந்து, நான் போகிற பக்கத்துக்கு என்னோடு வந்தது.