பட்டியல் வரும்வரை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவர் தேய்த்து மடித்துக் கொடுத்த உடைகளை அணிந்தவர்கள். மற்றவர்கள் அவருடைய திருமணத்துக்கு வந்து வாழ்த்திய உறவினர்கள். எல்லோருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் வாழ்க்கையில் அடிதடி அதிகம். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையை ஒட்டியிருந்த குடிசையில். அப்பா அபிராமபுரத்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அரசாங்கம் ஆற்றங்கரை வீடுகளை இடித்தபோது எங்களை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். போன சில மாதங்களில் அப்பா மாரடைப்பில் இறந்தார். அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வண்டிக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்து கரி மூட்டுவார். மாலையில் வலது தோளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார். என்னை மட்டும் வண்டிப் பக்கம் நிற்க விடமாட்டார். "போய்ப் படிடா, இங்க இன்னா வேடிக்கை" என்று துரத்துவார்.

உறவுக்குள்ளேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். சைதாப்பேட்டை, தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். முதல் மாதமே அடி தொடங்கிவிட்டது. அக்கா மூன்று முறை வீட்டுக்கு வந்தார். மூன்று முறையும் பெரியவர்கள் கூடிப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். "புருஷன்னா அப்டித்தான் இருப்பான், நீதான் அனுசரிச்சிப் போவணும்" என்று அம்மாவும் சொன்னார். கடைசியாக அனுப்பிய பிறகு கணவரிடம் வாங்கிய அறையில் அக்காவின் இடது காதுச் சவ்வு கிழிந்தது. அதன் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. நேராக அபிராமபுரம் வந்து வண்டியில் கரி மூட்டிவிட்டு, மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். திரும்பிப் போகவே இல்லை.

அப்போது நான் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு இறுதிப் பட்டியலுக்காகக் காத்திருந்தேன். நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கான பேர் எழுதும் தேர்வு; எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். பட்டியல் இன்று வரும், நாளை வரும் என்று, அக்கா துரத்தியும் போகாமல் வண்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வந்தாலும் போலீஸ் விசாரணை உண்டு. அடிதடி வழக்கு ஒன்று இருந்தால் எல்லாம் போயிற்று. இது அக்காவுக்குத் தெரியும். அக்காவின் கணவருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

முதலில் அவர் தனியாக வந்தார். வண்டி முன்னால் நின்று அக்காவைப் பற்றிக் காது கூசும்படி பேசினார். கண் மட்டும் என் மேலேயே இருந்தது.

"இன்னாடா மொறைக்கிற? ஆபீசரு ஆவப் போறியாமே. வா, ஒரே ஒரு அடி அடி. அடிச்சிட்டு அப்பால மிலிட்டரிக்குப் போ, பாக்கலாம்."

நான் கல்லூரியில் குத்துச்சண்டை பழகியவன். கை தானாக மடங்கியது. அக்கா இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீ கை வெச்சினா அதான்டா அந்தாளுக்கு வேணும். பட்டியல் வர்ற வரைக்கும் நீ செத்த பொணம். இன்னா?"

அடுத்த முறை வந்தவர் என் கண்ணெதிரே அக்காவை அறைந்தார். அக்காவின் உதடு கிழிந்து, தேய்த்து வைத்திருந்த வெள்ளை வேட்டியில் ரத்தம் சொட்டியது. நான் கல்லை எடுத்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கல்லைக் கீழே போட வைத்தார். பிறகு போய் அந்த வேட்டியை அலசினார்.

அதன் பிறகு ஒரு முற்பகல், அவர் கூட்டாளிகள் இருவரோடு வந்தார். வந்த வேகத்தில் வண்டியை எட்டி உதைத்துச் சாய்த்தார்கள். நெருப்புத் துண்டுகள் தெருவெங்கும் சிதறின. துணி மூட்டை பற்றிக்கொண்டது. கணவர் அக்காவின் முடியைப் பிடித்து இழுத்து, சாய்ந்து கிடந்த வண்டியின் விளிம்பில் தலையை மோதினார். ஒரு முறை அல்ல. மோதிக்கொண்டே என்னைப் பார்த்து, "வாடா! வாடா!" என்றார்.

நான் ஓடினேன். எதிர்க் கடைத் தையற்காரர் பாய் பின்னாலிருந்து என்னை இரண்டு கையோடும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திமிறினேன். அவர் கையைக் கடித்தேன், வாயில் ரத்தம் கரித்தது. அவர் விடவில்லை. நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தமாக இருந்த அக்கா அந்த நிலையிலும் கத்தினார்: "பாய்! அவன உடாத பாய்!"

பிறகு அக்கா கையை நீட்டித் தரையில் கிடந்த இஸ்திரிப் பெட்டியின் பிடியைப் பற்றினார். கரி நிரம்பிய பெட்டி. நாள் முழுக்க அதைத் தூக்கித் தூக்கி இழுத்த கை அது. முதல் வீச்சு கணவரின் முழங்காலில் விழுந்தது. முடியை விட்டுவிட்டுக் குனிந்தார். இரண்டாவது தாடையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூடி திறந்து நெருப்பெல்லாம் அவர் நெஞ்சில் கொட்டியது. கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். அக்கா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இத்தனை வருடத்துக்கும் சேர்த்து அடித்தார். இதை நான் பெருமைக்காகவும் எழுதவில்லை, வருத்தத்திலும் எழுதவில்லை. நடந்தது இது.

அடித்து முடித்ததும் அக்கா வெறுங்காலால் எரியும் துணிகளை மிதித்து அணைத்தார். "எதிர்வூட்டு அம்மாவோட பட்டுப்பொடவைடா. கல்யாணத்துக்குக் கட்டணும்னு சொல்லிச்சி" என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். பாதம் இரண்டும் வெந்துபோயிருந்தன.

அக்காவின் கணவர் மருத்துவமனையில் படுத்தபடி புகார் கொடுத்தார். அக்காவும் தம்பியும் சேர்ந்து அடித்தார்கள் என்று. அவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது பெயர்தான். காவல் நிலையத்தில் அக்கா ஆய்வாளர் முன்னால் நின்று, "அடிச்சது அத்தனையும் நானு சார். இவன் விரலு கூடப் படல" என்றார்.

"கூடப்பிறந்தவ அப்படித்தான் சொல்லுவ" என்றார் ஆய்வாளர்.

பாய் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். என் பல் பதிந்த இடம் கறுத்து வீங்கியிருந்தது. "இத்தப் பாருங்க சார். நான் உடலன்னு கடிச்சி வெச்சிட்டான். ரெண்டு கையும் என்கிட்ட இருந்திச்சி, இவன் எத்தாலே அடிப்பான்? எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

தெருவில் நாலு வீட்டுக்காரர்களும் வந்து அதையே சொன்னார்கள். என் பெயர் வழக்கில் சேரவில்லை. அக்காவை மட்டும் புழல் சிறைக்கு அனுப்பினார்கள்.

பட்டியல் வந்தபோது நான் சிறை வாசலில் மனு போட்டுக் கைதிகளைப் பார்க்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். என் பெயர் இருந்தது. உள்ளே போய்க் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். தலையில் கட்டுடன் இருந்த அக்கா நல்ல காதை வலையோடு ஒட்டி வைத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"சேரப் போற அன்னிக்கி சட்ட எவன்டா தேச்சிக் குடுப்பான்?" என்றார்.

அதற்குள் ஜாமீன் கிடைத்தது. அவரே தேய்த்துக் கொடுத்தார். பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்த நாளில் என் ஒரு தோளில் அம்மாவும் மறு தோளில் அக்காவும் நட்சத்திரம் பதித்தார்கள். அக்கா பதித்தபோது ஊசி என் தோளில் குத்திவிட்டது. "நல்லா ஏறிக்கிச்சி" என்று சிரித்தார்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று வண்டிக்குப் போயிருக்கிறார். ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, நான் விடுப்பு வாங்கி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. யார் அடியாலும் அவர் சாகவில்லை. அவர் மேல் இருந்த வழக்கு அவர் இறந்ததால் முடிந்தது.

அன்று அவர் கணவர் மாலையோடு வாசலுக்கு வந்ததையும், கொள்ளி வைக்கும் உரிமை தனக்கே என்று சொன்னதையும், சில பெரியவர்கள் தலையாட்டியதையும் நீங்கள் பார்த்தீர்கள். எல்லோரும் என் கையையே பார்த்தீர்கள். அம்மா பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார். மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். வாசலில் கிடந்த செருப்பை எடுத்து அவர் முகத்திலேயே அடித்தார். அம்மாவை நான் தடுக்கவில்லை. அதன் பிறகு நான் கொள்ளி வைத்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். என்னைப் பிடித்துக்கொண்ட பாய்க்கு, அந்தத் தழும்பை எல்லோரிடமும் காட்டிச் சிரிக்கும் நல்ல மனதுக்கு, நன்றி. சாட்சி சொன்ன தெருக்காரர்களுக்கு நன்றி. எரிந்த பட்டுப்புடவையைப் பற்றி வாயே திறக்காத எதிர்வீட்டு அம்மாளுக்கு நன்றி. ஜாமீனுக்காக அலைந்த பெண் வழக்கறிஞருக்கும், கடைசி நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் நன்றி.

அக்காவை மூன்று முறை திருப்பி அனுப்பிவைத்த உறவினர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் வந்திருக்கிறீர்கள். அக்காவுக்குப் பிடித்த வஞ்சிரம் மீன் குழம்பு வைத்துப் படைத்திருக்கிறோம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் அம்மாதான் பரிமாறுகிறார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிடுங்கள்.