கப்பல் பார்க்கும் எக்ஸ்டென்ஷன்

ஆள் கடலுக்குப் போன வீட்டில் எங்கள் தெருப் பெண்கள் சில காரியங்களைச் செய்ய மாட்டோம். அவன் வாசல் இறங்கின கையோடு வீட்டைப் பெருக்க மாட்டோம். 'போயிட்டான்' என்று வாயால் சொல்ல மாட்டோம். இதோடு நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். மகன் கப்பலில் இருக்கும்வரை வீட்டுக் கம்ப்யூட்டரை அணைக்க மாட்டேன். இதை எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்கக் காகிதம் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்து, அப்புறம் கம்ப்யூட்டரும் பழகி, ஓய்வு பெற்று வந்தவள் நான். நாலு எழுத்து படித்தவளுக்கு இப்படி ஒரு புத்தி வந்ததென்றால், பெற்ற வயிறு அப்படி.

அணைக்காததற்குக் காரணம், திரையின் மூலையில் அவன் கப்பல் இருந்தது. ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்து வீட்டுக்காரிதான் அதைப் போட்டுக் கொடுத்தாள். அவள் புருஷன் எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான். கப்பல்காரர் வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் யாரோ ஒருத்தி அந்த லிங்க்கை அனுப்பியிருந்தாள். பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும், கப்பலின் நம்பரைக் கொடுத்தால் அது எந்தக் கடலில் இருக்கிறதென்று காட்டிவிடும், காசு கிடையாது என்றாள். சேர்க்கும்போது ஒரு சின்னப் பெட்டி வந்தது. நீ திறக்கிற எல்லாப் பக்கங்களையும் இது படிக்கும், மாற்றவும் செய்யும், சம்மதமா என்று அதில் கேட்டிருந்தது. ஆபீசில் சரக்குப் பத்திரத்தில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடித்துச் சண்டை போட்டவள், அன்றைக்கு ஒரு வரிகூடப் படிக்காமல் சம்மதம் என்று அமுக்கினேன். திருடனைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, காப்பியும் கொடுத்துச் சாவியை நீட்டின கதை.

ஆனால் ஒன்று, அது வேலை செய்தது. பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் கப்பல் கொச்சிக்கு வந்துவிட்டதாக ஒரு நாள் அது காட்டியது. காட்டின கொஞ்ச நேரத்தில் அவனே கொச்சியிலிருந்து போன் போட்டான். அதிலிருந்து அந்தப் புள்ளி எங்களுக்கு வேதவாக்கு. சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏளா, எங்கன இருக்கான்?" என்பார். அவர் தோணியில் இருந்தவர். இங்கேயிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போய் வந்தவர். இப்போது கண்ணில் புரை. திரையைப் பார்த்தால் தண்ணீராகக் கொட்டும். அதனால் நான் பார்த்துச் சொல்வேன், அவர் கேட்டுத் தலையாட்டுவார். அது முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு.

அப்புறம் சனியன் பிடித்தது. பாங்குப் பக்கத்தைத் திறந்தால் நடுவில் ரம்மி விளையாடக் கூப்பிடுகிற பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். நவநாள் ஜெபம் தேடினால் கடன் வேண்டுமா என்று கேட்கும். பிரவுசரின் மேல் மூலையில், மூடித் திற, புதுப்பிக்க வேண்டும் என்று சிவப்பாக ஒரு அறிவிப்பு கிடையாய்க் கிடந்தது. நான்தான் மூட மாட்டேனே. ஒரு நாள் உடம்பு இளைக்கிற பொடியை வாங்கச் சொல்லி, என் பெயரில், எங்கள் கோவில் பங்குப் பெண்கள் சபையில் இருக்கிற எல்லாருக்கும் மெயில் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தப் பொடி கேக்குமாக்கா?" என்றாள். கேட்கிறதா இல்லையா என்று என்னைப் பார்த்தாலே தெரியாதா? எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி உப்பளத்தில் வீசியிருப்பேன்.

புள்ளி நகராமல் நின்றதும் அந்தச் சமயத்தில்தான்.

மகனின் கப்பல் அப்போது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அவன் போன் பண்ணி, கிளம்பிவிட்டோம், ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொழும்புக்கு வருகிறோம், அங்கே இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். அவன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் புள்ளி நங்கூரம் போட்ட இடத்திலேயே கிடந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்த போனில் அவனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அது வைரஸ், காட்டுவதெல்லாம் பொய், உன் பாஸ்வேர்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், முதலில் அதைத் தூக்கு என்று சத்தம் போட்டான். எனக்கும் அது சரி என்றே பட்டது. பொடி விற்கிற சாமான் கப்பலைப் பற்றி மட்டும் உண்மை பேசுமா?

தூக்கத்தான் உட்கார்ந்தேன். எக்ஸ்டென்ஷன்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்து 'ரிமூவ்' என்பதை அமுக்கினேன். அது உடனே போகவில்லை. ஒரு சின்னக் கப்பல் படத்தைக் காட்டி, இதை நிச்சயமாக நீக்கலாமா என்று திருப்பிக் கேட்டது. மகன் கடலில் இருக்கும்போது கப்பல் படத்துக்கு நேராக 'நீக்கு' என்று எந்தத் தாய் அமுக்குவாள்? என் விரல் போகவில்லை. வேண்டாம் என்று கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்விட்சைத் தள்ளி அதை நிறுத்தி மட்டும் வைத்தேன். புள்ளி மறைந்தது. ரம்மிக்காரியும் போய்விட்டாள். மகனிடம் தூக்கிவிட்டேன் என்றே சொன்னேன்.

அதன் பிறகு சாயங்காலக் கேள்விக்கு, மகன் போனில் சொன்னதையே அவரிடம் சொல்லி வந்தேன். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவிட்டான். காற்று பலம், ஆனால் பயமில்லை. மடகாஸ்கர் பக்கம் வருகிறான். தோணிக்காரருக்கு அந்தக் கடலெல்லாம் தெரியாது. பெயரைக் கேட்டே சந்தோஷப்பட்டார்.

எனக்குத்தான் உள்ளே என்னவோ குடைந்தது. என்னவென்று பிடிபட நாளாயிற்று. போன்! கப்பல் ஓடத் தொடங்கிவிட்டால் அவனிடமிருந்து போனே வராது. கரை கண்டால்தான் வரும். இத்தனை வருஷமாக அதுதான் வழக்கம். இந்தத் தடவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேசுகிறான். நடுக்கடலில் எப்படி என்று கேட்டதற்குக் கப்பலில் இன்டர்நெட் வைத்துவிட்டார்கள் என்றான். குளிக்கிற தண்ணீருக்கே தகராறு நடக்கிற அந்த ஓட்டைக் கப்பலிலா? இதை முதல் நாளே யோசிக்காமல் எங்கே மேயப் போனது என் மூளை?

மத்தியானம் அவர் தூங்குகிற நேரம் பார்த்து ஸ்விட்சைத் திரும்பத் தள்ளினேன். கல்யாண வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவதுபோல விளம்பரமெல்லாம் வந்து இறங்கிற்று. நடுவில் அந்தப் பச்சைப் புள்ளி. அதே இடத்தில். அதன்மேல் அமுக்கினால், நங்கூரத்தில் நிற்கிறது, தகவல் சற்று முன்னால் வந்தது என்று எழுதியிருந்தது. கொச்சியைச் சரியாகச் சொன்ன புள்ளி. அது என் பாஸ்வேர்டைத் திருடும், என் மெயிலில் பொடி விற்கும். ஆனால் கப்பல் நிற்கிற இடத்தைப் பற்றி அது பொய் சொல்லவில்லை. சொன்னது நான் பெற்ற பிள்ளை.

அடுத்து அவன் பேசினபோது போனை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவன் அப்பா கடைக்குப் போயிருந்தார்.

"எங்கன இருக்க மக்கா?"

"மடகாஸ்கர் தாண்டிட்டோம்மா."

"நான் அதைத் தூக்கல. நிறுத்தித்தான் வச்சிருந்தேன். இப்ப பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கப்பலின் முதலாளி கைவிட்டுவிட்டான், போனை எடுப்பதில்லை. இந்த வேலையை வாங்கிக் கொடுத்த ஏஜெண்டின் போனும் அணைந்து கிடக்கிறது. கப்பலை விட்டு இறங்க அந்தத் துறைமுகத்தில் அனுமதி இல்லை. டீசல் இல்லாததால் ஜெனரேட்டரை ராத்திரி கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுகிறார்கள். குடிக்கத் தண்ணீரும் அரிசியும் யாரோ புண்ணியவான்கள் படகில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கிளம்பிவிட்டேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டதால், அதற்கப்புறம் சொல்லிக்கொண்டே போகவேண்டியதாயிற்று என்றான்.

"அப்பாகிட்ட சொல்லிராதம்மா. அந்த ஏஜெண்டைக் கூட்டிட்டு வந்தது அவுங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

நான் சரி என்றேன்.

"அதையும் நெசமாவே தூக்கிரும்மா. வைரசுக்காகச் சொல்லல. நீ அங்கன உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கன்னு தெரிஞ்சா, என்னால இங்கன இருக்க முடியல."

அவன் போனில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ரிமூவ். அது கப்பல் படத்தைக் காட்டி, நிச்சயமா என்று மறுபடி கேட்டது. நிச்சயம் என்று கொடுத்தேன். புள்ளி போய்விட்டது. தூக்கிட்டியா என்றான், தூக்கிட்டேன் என்றேன். அன்றைக்கே பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றினேன். பிரவுசரை மூடிப் புதுப்பித்தேன். கடைசியில் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் திறந்தால் எல்லாம் சுத்தம். ரம்மி இல்லை, பொடி இல்லை, மகனும் இல்லை.

சும்மா இருந்துவிடவில்லை. கப்பல் துறை அதிகாரிகளுக்கு எழுதினேன். எழுதத் தெரிந்தவள்தானே. உங்கள் மனு கிடைத்தது, மேலே அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி அதே பதில் வந்தது. அந்த ஏஜெண்ட் ஆபீஸ் இருந்த மாடிக்குப் போனால் அங்கே டியூஷன் நடக்கிறது. மாதா சந்நிதியில் மண்டியிட்டு வாய்க்கு வந்தபடி சண்டையும் போட்டுவிட்டேன். அவளும் பிள்ளை பெற்றவள்தான், கோபிக்க மாட்டாள்.

இவ்வளவுக்கும் நடுவில் சாயங்காலம் வந்துவிடும். ஜெபமாலை முடியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கேட்பார். நான் வெறும் உலகப் படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அதில் இல்லாத புள்ளியைப் பார்த்துச் சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் முழுக் கப்பலை மறைத்துக்கொண்டிருக்கிறேன். மகனிடம் பேசும்போது, அப்பாவிடம் இன்றைக்கு இந்த இடத்தைச் சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல் என்பேன். அவனும் சொல்வான். மடகாஸ்கரிலேயே எவ்வளவு நாள் நிறுத்தி வைப்பது? மோரீஷியஸ் என்றேன். அப்புறம் ஒரு நாள், வேறு பெயர் கிடைக்காமல் மாலத்தீவு என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

சொல்லியிருக்கவே கூடாது. அதுவரைக்கும் கப்பல் அவருக்குத் தெரியாத கடலில் வந்தது. நான் எப்படி ஓட்டினாலும் கேட்க ஆள் கிடையாது. மாலத்தீவு அவர் கடல். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அங்கேயிருந்து கொழும்புக்கு எந்தக் காற்றில் எத்தனை நாள் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்கிறார். மறுநாளே ஆளைக் கூட்டிவந்து மகனின் அறையில் மின்விசிறியை மாற்றினார். புது மெத்தை வந்தது. தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "பிள்ள வாரான்" என்கிறார்.

எஞ்சின் கோளாறாம், மெதுவாகத்தான் வருகிறானாம் என்று சொல்லிப் பார்த்தேன். நேற்றும் அதையே சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏளா, எம்புட்டு மெதுவா வந்தாலும் வந்துருவான். காத்தே இல்லாம நாங்க பாயைக் கட்டிக்கிட்டு வந்துருக்கோம்."

இன்றைக்குக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தருவைகுளத்தில் மீன் ஏலக்கடையில் தெரிந்த ஆள் இருக்கிறான், நல்ல சீலா மீனாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன், பையன் வந்து இறங்குகிற அன்றைக்கு மீன் இல்லாமல் போய்விடக் கூடாது என்றார். மத்தியான வெயிலுக்கு முன்னால் திரும்பி வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.