பூட்டன் எஞ்சினியர்

தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு நல்லூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர் நெடிய மனிதர். பேச்சு ஓய்ந்தபோதெல்லாம் தலையைச் சாய்த்து எங்கள் மின்விசிறியின் சத்தத்தைக் கவனித்தார்.

“எங்கடை பூட்டன் வெள்ளைக்காரன் காலத்து எஞ்சினியர். கொழும்புத் துறைமுகத்திலை நீராவி எஞ்சின் நிண்டால் துரைமார் அவரைத்தான் தேடி வருவினம். அவரின்ரை நாலு பெடியளும் எஞ்சினியர்மார்.”

“மாப்பிள்ளை என்ன செய்யிறார்?” என்று என் மனைவி கேட்டார்.

“அவையள் உழைச்ச களைப்பு எங்கடை குடும்பத்துக்கு இன்னும் ஆறேல்லை, தங்கச்சி.”

உள்ளறையில் மகள் சிரித்துவிட்டாள். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அவர் கோபிக்கவில்லை. தேநீரை முடித்துச் செருப்பை மாட்டும்போது, “உந்த ஃபான் கனநாளைக்கு ஓடாது” என்றார்.

அடுத்த கிழமை அது நின்றது.

“அவையளைத் திருப்பிக் கூப்பிடுவமோ, அப்பா?” என்றாள் மகள்.

விசிறிக்கா, சம்பந்தத்துக்கா என்று நான் இன்னும் கேட்கவில்லை.